பன்னிரண்டு முப்பத்தேழுக்கு வந்த ஜேர்மன் மொழி விண்ணப்பம்

அனுப்புநர்:
விக்னராஜா துசானி (வயது 16 வருடம் 8 மாதம்),
இல. 14, மூன்றாம் மாடி,
பல்லாரோ சந்தைப் பின்வீதி, பலெர்மோ.
(அழைப்பு மணி வேலை செய்யாது. கீழே நின்று கூப்பிடவும்.)

பெறுநர்:
அதிபர் அவர்கள்,
‘வில்லா ஜெல்சோமினா’ மொழிகள் லிச்சேயோ, பலெர்மோ.

பொருள்: ஹோட்டல் பாடசாலையிலிருந்து தங்கள் பாடசாலைக்கு மாறுவதற்காக ஏழு நிமிடம் பிந்திக் கொண்டுவரப்பட்ட விண்ணப்பத்தை ஏற்கக் கோருவதும், பிந்தியதற்குக் காரணமான ஆள்மீது புகார் செய்வதும்.

மதிப்பிற்குரிய அதிபர் ஐயா அவர்களுக்கு,

1. தங்கள் லிச்சேயோவின் மூன்றாம் ஆண்டில் சேர்வதற்கான செப்டெம்பர் மாதப் பரீட்சைக்கு விண்ணப்பம் கொண்டுவந்தவள் நான். கொண்டுவந்தவள் என்றுதான் எழுதலாம். கொடுத்தவள் என்று எழுத முடியாமல் போனதால்தான் இந்த மனு. கடந்த 30.06.1995 வெள்ளிக்கிழமை, விண்ணப்ப முடிவு நாளன்று, 12.30க்கு மூடும் தங்கள் அலுவலக யன்னலடிக்கு நானும் அப்பாவும் 12.37க்கு வந்து சேர்ந்தோம். உள்ளே இருந்த உத்தியோகத்தர் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டு விரலும் காட்டினார். நாங்கள் ஆசீர்வாதம் என்று நினைத்து முதலில் கும்பிட்டோம்.

2. அந்த உத்தியோகத்தர் பிறகு கண்ணாடியைச் சற்றுத் திறந்து, பிந்திய காரணத்தை எழுதி 07.07.1995 வெள்ளிக்கிழமைக்குள் அதிபருக்குத் தரலாம் என்றும், நான் பதினெட்டு வயது நிரம்பாதவள் ஆகையால் என் தந்தை ஒவ்வொரு வரியையும் தானே வாசித்து, உண்மை என்று கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார். அப்பா திரு. தில்லையம்பலம் விக்னராஜா, ஒரு சின்னோரா அம்மாவின் வீட்டில் எட்டு வருடமாக வேலை செய்கிறார். அவருடைய இத்தாலிய மொழிக்கு, சின்னோராவின் வீடு, சின்னோராவின் மருந்து, சின்னோராவின் நாய் ஆகிய மூன்று பாடங்களிலும் திறமைச் சித்தி. வேறு பாடம் அவர் எடுக்கவில்லை. ஆகவே இதைத் தமிழில் எழுதி, தேவாலய உதவி நிலையத்தில் எங்கள் ஆட்களுக்குக் கடிதம் மொழிபெயர்த்துக் கொடுக்கும் ஏர்னஸ்ற் ஐயாவின் இத்தாலியப் பிரதியை இணைத்துள்ளேன். ஏர்னஸ்ற் ஐயா மிக நல்லவர். ஆனால் பகிடி வரும் இடங்களை வெட்டிவிட்டு ‘மரியாதையுடன்’ என்று போடும் பழக்கம் உள்ளவர். இத்தாலியப் பிரதியில் எங்கெல்லாம் ‘மரியாதையுடன்’ என்று இருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு பகிடி செத்துக் கிடக்கிறது என்று தாங்கள் எடுத்துக்கொள்ளவும்.

3. நான் ஹோட்டல் பாடசாலைக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுநிலைப் பள்ளி முடிந்தபோது அங்கிருந்தவர்கள் என் அப்பாவைக் கூப்பிட்டு, வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஹோட்டல் படிப்புப் பாதுகாப்பு என்றார்கள். அப்பாவும் தலையாட்டினார். எனக்கு அங்கே போகப் பிடித்த ஒரே காரணம், கிழமைக்கு மூன்று மணித்தியாலம் ஜேர்மன் இருந்ததுதான். அந்த மூன்று மணித்தியாலத்துக்காக மற்ற முப்பது மணித்தியாலமும் கட்டில் விரிக்கவும் கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது என்றும் படித்தேன். ஜேர்மனில் ஒரு வசனத்துக்குள் இன்னொரு வசனம் வந்தால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். வகுப்பில் பதினெட்டுப் பேர் அதைக் கண்டு அழுதார்கள். நான் பிறந்ததிலிருந்தே வினையைக் கடைசியில் வைத்துக் கதைக்கிறவள். (அம்மாவின் கருத்து வேறு: “உவள் வினையை முதலே வைச்சுப்போட்டுக் கடைசியில நிண்டு முழிக்கிறவள்.”)

4. அதன்பின் என் திட்டம் இதுதான். ஹோட்டல் பாடசாலையில் இரண்டு வருடம் முடித்தாயிற்று. செப்டெம்பரில் தங்களிடம் இலத்தீன், பிரெஞ்சு, வரலாறு, இத்தாலிய இலக்கியம் என்று நான்கு பாடங்களில் சித்தியடைந்தால் மூன்றாம் ஆண்டில் சேரலாம். மூன்று வருடம் கழித்துப் பல்கலைக்கழக மொழிப் பீடம். அங்கே ஜேர்மன் பட்டம். இத்திட்டத்தைக் கேட்டு ஜேர்மனியில் எசன் நகரத்தில் இருக்கும் என் மாமி தொலைபேசியில் சிரித்தா. “ஜேர்மன் படிக்கப் பல்கலைக்கழகமோ? நான் கடைக்குப் போய் வந்தே ஆறு மாசத்தில படிச்சனான் எல்லோ.” மாமியின் ஜேர்மனில் உருளைக்கிழங்கு, தள்ளுபடி, நன்றி ஆகிய மூன்று சொற்கள் உண்டு. மூன்றையும் அழகாகச் சொல்லுவா.

5. என் தேர்ச்சி அறிக்கையில் நடத்தைக்கு ஏழு புள்ளி என்று இருப்பதைத் தாங்கள் எப்படியும் காண்பீர்கள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். போன கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில், ஜேர்மன் உல்லாசப் பயணிகள் வரும் ஓர் உணவகத்தில் பயிற்சிக்கு நின்றேன். முதலாளி, உணவுப் பட்டியலை ஜேர்மனில் எழுதச் சொன்னார். கணவாய்ப் பொரியலுக்குக் கீழே, “இந்தக் கணவாய் உயிரோடு இருந்தபோது எங்கள் முதலாளியைவிட அன்பாகப் பழகியது” என்று எழுதினேன். ஜேர்மன்காரர் வாசித்துச் சிரித்து, முதலாளியைக் கூப்பிட்டுத் தோளில் தட்டி, அவரோடு படம் எடுத்து, கணவாய்க்கே ஓடர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலாளி தன் முகத்துக்குத்தான் இவ்வளவு மவுசு என்று நம்பி, மூன்று கிழமை தலைமுடிக்கு எண்ணெய் வைத்து வந்தார். பிறகு யாரோ அவருக்கு மொழிபெயர்த்துவிட்டார்கள். பாடசாலைக்குக் கடிதம் போனது. ஜேர்மன் ஆசிரியை அந்தப் பட்டியலை வாங்கி, சிவப்புப் பேனையால் இரண்டு பிழை திருத்தி, “நடத்தைக்கு ஏழு, இலக்கணத்துக்கு ஒன்பது” என்றா. தங்கள் பாடசாலைக்கு மாற ஒரு பரீட்சை இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னதும் அவதான். அம்மா அறிக்கையைப் பார்த்துவிட்டு, “ஏழோட ஒரு அரையும் போட்டிருந்தால் சாத்திரியாரிட்டைப் போகாமலே விசயம் விளங்கியிருக்கும்” என்றா. (ஏர்னஸ்ற் ஐயா, ஏழரைச் சனி என்றால் என்ன என்று அதிபருக்குச் சொல்ல வேண்டாம். பயந்துவிடுவார்.)

6. அடுத்த வருடம் வரலாமே என்று தாங்கள் கேட்கலாம். அடுத்த வருடம் என்றால் நாலாம் ஆண்டுக்கு எட்டுப் பாடம் எழுத வேண்டும். அதைவிடப் பெரிய விசயம், அப்பாவுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. “ஒருக்கால் எழுதிப் பார். சரிவராட்டில், ஹோட்டல் சேர்ட்டிபிக்கட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போ” என்று அவர் சொல்லி, நானும் ஓம் என்றேன். சின்னோராவின் தங்கை மொண்டெல்லோவில் ஒரு சிறுவிடுதி நடத்துகிறா. அங்கே அறை துப்புரவாக்க என்னைத் தருவதாக அப்பா வாய்ச்சொல் கொடுத்துவிட்டார். அப்பா வாய்ச்சொல் கொடுத்தால் அது நோட்டாரியோவின் முத்திரை குத்தியதற்குச் சமம். எனவே அந்த யன்னல் ஏழு நிமிடம் பிந்தி மூடியிருந்தால் நான் ஜேர்மன் படிப்பேன். மூடிவிட்டதால் ஜேர்மன்காரரின் கட்டில் விரிப்பேன்.

7. இனிப் பிந்திய காரணம். எங்கள் வழக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம் இராகுகாலம் என்று உண்டு. அந்த நேரத்தில் நல்ல காரியத்துக்கு வீட்டு வாசல் தாண்டக்கூடாது. அதற்கு முன்னமே தாண்டிவிட்டால் வழியில் இராகு ஒன்றும் செய்யமாட்டார். சுருங்கச் சொன்னால், ஒரு கிரகம் நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் யன்னலைச் சாத்தி வைத்திருக்கும். பலெர்மோ அலுவலகங்களோடு ஒப்பிட்டால் அது மிகவும் தாராளமான கிரகம். தாங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். விண்ணப்பப் படிவம் வாங்க வந்த அன்று, தங்கள் பாடசாலையில் பதினாறாம் வகுப்பறைக்கு அடுத்த கதவில் பதினெட்டு என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன். பதினேழு தங்கள் ஊரில் ஆகாத எண்ணாம். வெள்ளிக்கிழமையில் இராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. தங்கள் யன்னல் திங்கள், புதன், வெள்ளி பத்து முதல் பன்னிரண்டரை வரை. தந்தை நேரில் வந்து, தன் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைக் காட்டி, உத்தியோகத்தர் முன் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அப்பாவுக்கு ஓய்வு ஞாயிறும் வியாழன் பின்னேரமும். சின்னோராவிடம் கெஞ்சி அவருக்குக் கிடைத்த ஒரே நேரம் முடிவு நாளான அந்த வெள்ளி காலைதான்.

8. வியாழன் பின்னேரம் நான் எங்கள் குசினி மணிக்கூட்டைக் கழற்றி, முள்ளை நாற்பது நிமிடம் முன்னுக்குத் தள்ளினேன். மணிக்கூடு என்பதால் மணியைக் கூட்டினேன். வேறு கெட்ட எண்ணம் இல்லை. என் கணக்கு இப்படி: அப்பா இராகுகாலம் முடியும்வரை அசையமாட்டார். மணிக்கூடு பன்னிரண்டு காட்டும்போது உண்மை நேரம் பதினொன்று இருபது. பஸ்ஸும் நடையும் முப்பத்தைந்து நிமிடம். பன்னிரண்டுக்கு முன்னமே யன்னலடி. அப்பாவுக்கும் திருப்தி, இராகுவுக்கும் மனக்குறை இல்லை.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்று. அப்பாவும் கணக்குப் போட்டிருந்தார். பத்தரைக்கு முன்னம் வாசல் தாண்டிவிடுவது என்று தீர்மானித்து, சின்னோராவின் நாயை அன்று ஓட ஓடக் கூட்டிப்போய், பத்துப் பத்துக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல சேர்ட்டைப் போட்டார். பெர்மெஸ்ஸோவைப் பையில் வைத்தார். ஒரு சப்பாத்தையும் போட்டுவிட்டார். மற்றச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். அது பத்து ஐம்பது என்றது. வேலைக்குப் போகும்போது அவர் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. தரை துடைக்கும் மருந்துத் தண்ணீரில் ஏற்கனவே இரண்டு போய்விட்டன. மணிக்கூட்டையும் கையிலிருந்த சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “பத்தரைக்கு முன்னம் வெளிக்கிடுவம் எண்டுதான் ஓடி வந்தனான். நடந்து வர இவ்வளவு நேரம் எடுக்குதே. கால் கிழண்டிப்போச்சுப் போல” என்று சொல்லிவிட்டு, போட்ட சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருந்தால் இன்று தங்களுக்கு இந்த மனு இல்லை. உண்மை நேரம் அப்போது பத்து பதினைந்துகூட ஆகவில்லை. அப்பாவின் காலில் ஒரு குறையும் இல்லை. நான் விண்ணப்பக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, பதினொன்று இருபதுக்கு எப்படியும் வெளிக்கிடுவோம்தானே, ஏன் வீணாக அடி வாங்க வேண்டும் என்று பேசாமல் இருந்தேன்.

பதினொன்று ஐந்துக்கு அம்மா படிக்கட்டுக் கழுவும் வேலையால் வந்தா. வந்தவ மணிக்கூட்டைப் பார்த்து, “உது என்ன பேய் மணிக்கூடு, சின்ன முள்ளு பன்னிரண்டில முட்டப் பாக்குது” என்று கதிரையில் ஏறி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தா. பழைய பற்றரி பிழை செய்கிறது என்று புதுப் பற்றரியும் போட்டா. அப்பா, “இஞ்சாரும், அப்ப இப்ப எத்தினை மணி?” என்று கேட்டார். சரியான நேரத்தை அம்மா சொன்னா. அப்பா விரலை மடித்து எண்ணினார். இராகுகாலத்தின் நடுவில் நின்றோம். நான் அப்போதுதான் அழத் தொடங்கி, “அப்பா, இப்பவே போவம், கெதியா வாங்கோ” என்றேன். அவர், “இல்லைப் பிள்ளை. வேற விசயம் எண்டால் போயிருப்பன். இது உன்ர படிப்பு. பன்னிரண்டுக்கு வெளிக்கிட்டு ஓடினால் அரை மணித்தியாலத்தில போகலாம்” என்றார். ஓடினோம். முப்பத்தேழு நிமிடம் எடுத்தது. அன்று உலகத்துக்கெல்லாம் இராகுகாலம் ஒன்றரை மணித்தியாலம். எங்கள் வீட்டில் மட்டும் அப்பா ஒரு மணி ஐம்பது நிமிடம் இருந்தார்.

9. இந்த மனுவை நான் மூன்று தரம் எழுதினேன். முதலாவதில் பஸ்ஸின் சில்லுக்குக் காற்றுப் போனதாக எழுதி, தங்கள் உத்தியோகத்தர்மீதும் நாலு வரி புகார் வைத்தேன். அப்பா மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, “பஸ் நேரத்துக்கு வந்தது. அந்த மனுசனும் நேரத்துக்குத்தான் பூட்டினவர். பிந்தினது நான்தானே. அதை அப்படியே எழுது” என்று பேனையைத் திருப்பித் தந்தார். இரண்டாவது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. “எனது மூடநம்பிக்கையால் எனது மகளின் படிப்புக் கெட்டது” என்று தொடங்கியது. அதற்குக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கையெழுத்துப் போட்ட பிறகு எழும்பிப் போய், குசினிச் சுவரில் இருந்த, இராகுகாலம் போட்ட நாட்காட்டியைக் கழற்றி, மடித்து, அலுமாரிக்கு மேலே வைத்தார். அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது வழமைபோலச் சுவரைப் பார்த்தார். அங்கே ஆணி மட்டும் இருந்தது. ஆணியைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டாவது மனு நல்ல மனு, ஐயா. தங்களைப் போன்றவர்கள் வாசித்தால் மனம் இரங்குவார்கள். ‘பாவம் பிள்ளை, தகப்பன் பழைய ஆள்’ என்று உடனே பரீட்சைக்கு எடுத்திருப்பீர்கள். நான் அதைத் தங்களிடம் தர மூன்று நாள் பார்த்தேன். பகிடி விட்டு அகப்படாமல் தப்பினால் எனக்கு வழமையாகச் சந்தோசமாக இருக்கும். இந்தத் தரம் அப்படி இருக்கவில்லை. அதில் எழுதியிருந்தது பொய். அவர் உண்மை என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைக் கிழித்துவிட்டேன்.

10. ஆகவே பொருள் வரியில் நான் குறிப்பிட்ட ஆள் நான்தான். புகார் செய்பவளும் புகார் செய்யப்படுபவளும் ஒரே விலாசத்தில், ஒரே கட்டிலில் இருப்பதால் விசாரணை தங்களுக்குச் சுலபம். தங்கள் உத்தியோகத்தர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. என் அப்பாமீதும் இல்லை. அவர் எனக்காக முதலில் போட்ட கணக்குச் சரியான கணக்கு. அதைப் பிழையாக்கியது நான் போட்ட கணக்கு. இதையெல்லாம் அவருக்கு முன்னால் நின்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஒவ்வொரு வரியையும் தந்தை வாசிக்க வேண்டும் என்று தங்கள் அலுவலகம் விதி வைத்தபடியால் எழுதியாவது சொல்லுகிறேன். இதைக் குசினி மேசையில் சீனி டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டு, அவர் எட்டாம் பந்திக்கு வரும் நேரத்தில் நான் பகேரியாவுக்குப் போகும் பஸ்ஸில் இருப்பேன். பகேரியாவில் எனக்கு ஒருவரும் இல்லை. அது தூரமாக இருக்கிறது, அவ்வளவுதான். பின்னேரம் திரும்பிவிடுவேன்.

11. தங்களிடம் நான் கேட்பது: அந்த ஏழு நிமிடத்தைத் தாங்கள் மன்னித்து, என் விண்ணப்பத்தை வாங்கி, செப்டெம்பரில் அந்த நான்கு பாடங்களையும் எழுத விடவும். சித்தியடையாவிட்டால் அதற்கும் இராகுவுக்கும் சம்பந்தமில்லை என்று இப்போதே எழுதித் தருகிறேன். நடத்தை ஏழு என்பதற்காகத் தண்டனை தர விரும்பினால் எதையும் தரவும். பரீட்சை மண்டபத்தில் கடைசிக் கதிரையாக இருந்தாலும் சரி. தங்கள் பாடசாலையில் எந்த மணிக்கூட்டையும், அது நின்று போயிருந்தாலும்கூட, தொடமாட்டேன் என உறுதி கூறுகிறேன். ஒருவேளை முடியாது என்று தீர்மானித்தால், அந்தப் பதிலை அப்பாவின் பெயருக்கு அனுப்ப வேண்டாம். என் பெயருக்கு அனுப்பவும். வாசித்துச் சொல்லவேண்டியவள் நான்.

தங்கள் நேரத்தில் கொஞ்சத்தை இதற்குச் செலவழித்தமைக்கு நன்றியுடன்,

வி. துசானி
பலெர்மோ, 04.07.1995

இணைப்பு: விண்ணப்பப் படிவம், தேர்ச்சி அறிக்கை, இத்தாலியப் பிரதி.

தந்தையின் கூற்று (அவரது கையெழுத்தில்):

மேலே உள்ளதை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபத்தோடு வாசித்ததால் சில இடம் விளங்கவில்லை. இரண்டாம் தரம் விளங்கியது. எழுதியது எல்லாம் உண்மை. என் காலைப் பற்றி எழுதியதை வெட்டச் சொன்னேன். ஒரு வரியும் மாற்றக்கூடாது என்று உத்தியோகத்தர் சொன்னதாக மகள் சொல்கிறாள். அப்படியென்றால் இருக்கட்டும்.

தண்டனை வீட்டில் நடக்கிறது. மணிக்கூட்டைத் தொட்டதற்கு ஒரு கிழமை. பேசாமல் இருந்ததற்கு மூன்று கிழமை. அதனால் தாங்கள் தனியாக ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. இலத்தீன் புத்தகம் நேற்று வாங்கியாயிற்று.

சின்னோராவிடம் இந்த வெள்ளியும் கேட்டு வாங்கிவிட்டேன். யன்னல் பத்து மணிக்குத் திறக்கும்போது முதல் ஆளாக நிற்பேன். பத்தரைக்கு முன் வாங்கிக்கொண்டால் நல்லது. பிந்தினாலும் யன்னலடியை விட்டு நான் போகமாட்டேன்.

தி. விக்னராஜா
05.07.1995